யாருடைய கையெழுத்தும் இல்லாமல்

நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்றுப் பல வருஷங்கள் ஆகியும் அந்தப் பெயர் அவரை விட்டு இறங்கவில்லை. அக்கம்பக்கத்தார், மளிகைக் கடைக்காரர், மகளின் தோழிகள் எல்லாருக்கும் அவர் கண்டக்டரம்மாதான். வெல்டிங் பட்டறை வைத்திருந்த கணவர் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதன்பின் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போயிற்று.

ஒரே மகள். வங்கியில் வேலை. "தனியா இங்க உக்காந்து என்னம்மா பண்ணப் போறே? எங்களோட வந்துடு" என்று சொல்லி, பழைய வீட்டைப் பூட்டி, அம்மாவை நான்காவது மாடியில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். காற்றோட்டமான அறை, புது மெத்தை, சாய்ந்துகொள்ள ஒரு நாற்காலி. மாப்பிள்ளையும் தங்கமான மனிதர். குறை சொல்ல நாக்கு எழாது.

கொடுமை என்றால் கண்டக்டரம்மாவுக்குச் சமாளிக்கத் தெரியும். குடிகாரர்களையும் சில்லறை தராதவர்களையும் ஓடும் வண்டியில் சமாளித்த வாய் அது. ஆனால் இது கொடுமை இல்லை, அன்பு. காய் நறுக்கக் கத்தியை எடுத்தால் மாப்பிள்ளை ஓடிவந்து, "அத்தை, கையில பட்டுடப் போகுது, குடுங்க" என்பார். தண்ணீர் எடுக்க எழுந்தால், "நீ உக்காரும்மா, நான் எடுத்துட்டு வர்றேன்." துணி மடிக்க உட்கார்ந்தால் வேலை செய்யும் பெண் வந்து மடியிலிருந்து துணியை உருவிக்கொள்வாள். லிஃப்ட் பொத்தானைக்கூட யாராவது முந்திக்கொண்டு அழுத்திவிடுவார்கள். நின்ற காலிலேயே பாதி ஆயுளைக் கழித்த ஒருவரிடம், காலை முதல் மாலை வரை எல்லாரும் சொன்ன ஒரே வார்த்தை, உக்காருங்க.

உட்கார்ந்தார். பிறகு படுத்தார். தலை சீவுவதை விட்டார். யாராவது ஏதாவது கேட்டால் "ம்" என்றார், சில நாள் கழித்து அதுவும் நின்றது. தட்டில் வைத்தது வைத்தபடி திரும்பி வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த அம்மாவின் முதுகையே மகள் பல நாள் பார்த்தாள். ஒரு சனிக்கிழமை காலை கைத்தாங்கலாக மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள்.

மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். "எப்பலேருந்து இப்படி இருக்கு?" என்று கேட்டதும் மகள் பதில் சொல்ல ஆரம்பித்தாள். மருத்துவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அவங்களே சொல்லட்டும்மா. எனக்கு அவசரம் இல்ல."

கண்டக்டரம்மா மெதுவாகச் சொன்னார். "காலைல எதுக்கு எழுந்திருக்கணும்னு தெரியல டாக்டர். எழுந்தாலும் உக்காரத்தான் சொல்றாங்க."

மருத்துவர் தலையாட்டினார். "இது நோய்தான்மா. சோம்பேறித்தனம் இல்ல. வயசானா இப்படித்தான்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. மாத்திரை தர்றேன், விடாம சாப்பிடுங்க. அது உங்களைக் கட்டில்லேருந்து எழுப்பி வாசல் வரைக்கும் கொண்டு வந்து விடும். அங்கேருந்து எங்க போறதுன்னு மாத்திரைக்குத் தெரியாது, நீங்கதான் பாத்துக்கணும்." மகளைப் பார்த்து, "அவங்களுக்குன்னு ஒரு பொறுப்பு இருக்கட்டும்" என்றார்.

மாத்திரை வேலை செய்தது. சில வாரங்களில் பசி வந்தது. அதன் பின்னாலேயே கோபம் வந்தது. தான் பிழைத்துவிட்டதாகக் கண்டக்டரம்மாவுக்குத் தோன்றியது கோபம் வந்த அன்றைக்குத்தான்.

மகளோ பொறுப்பு என்பதைப் பொழுதுபோக்கு என்று புரிந்துகொண்டாள். நாலைந்து இடம் விசாரித்து, முதியோருக்கான பகல் மையம் ஒன்றில் அம்மாவைச் சேர்த்தாள். காலையில் வேலைக்குப் போகும்போது விட்டுவிடுவாள், மாலையில் வந்து அழைத்துக்கொள்வாள்.

மையம் ஒரு பழைய திருமணக் கூடத்தின் மேல்மாடியில் இருந்தது. சுவரெல்லாம் பலூன். நடத்துகிற பெண் சின்ன வயசு, நல்ல மனசு. ஆனால் வந்திருந்த அத்தனை பேரையும் "செல்லங்களா" என்றுதான் கூப்பிட்டாள். எல்லாரும் கை தட்ட வேண்டும். அவள் சொன்னதும் ஹா ஹா என்று சிரிக்க வேண்டும். அது முடிந்ததும் ஆளுக்கொரு தாள் வந்தது. தாளில் ஒரு வாத்து.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் மஞ்சள் பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவர். எதைச் சொன்னாலும் தீர்ப்பு மாதிரி சொல்வதால் எல்லாரும் அவரை ஜட்ஜ் என்றார்கள்.

"இது என்ன?" என்று கேட்டார் கண்டக்டரம்மா.

"வாத்து."

"அது தெரியுது. எதுக்கு?"

"மூளைக்குப் பயிற்சி. மூளை மழுங்காம இருக்குமாம்."

"உங்க மூளை எப்படி இருக்கு?"

"இங்க வர்ற வரைக்கும் நல்லா இருந்துச்சு."

கண்டக்டரம்மா கறுப்புப் பென்சிலை எடுத்து வாத்து முழுக்க அழுத்தித் தேய்த்தார். நடத்துகிற பெண் எட்டிப் பார்த்து, "வாத்து கறுப்பா இருக்குமா பாட்டி?" என்றாள் கொஞ்சலாக.

"கோபம் வந்தா இருக்கும்."

அந்தப் பெண் சிரித்துவிட்டு ஜட்ஜிடம் போனாள். அவர் கோட்டைத் தாண்டாமல் வண்ணம் அடித்திருந்தார். "சூப்பர் செல்லம்" என்று அவர் கையில் ஒரு தங்க நட்சத்திரத்தை ஒட்டினாள். ஜட்ஜ் அந்த நட்சத்திரத்தைப் பார்த்தார். யார் முகத்தையும் பார்க்காமல் கையை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டார்.

கண்டக்டரம்மாவால் அதற்கு மேல் அங்கே இருக்க முடியவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"எங்க பாட்டி போறீங்க? உங்க பொண்ணு வந்துதான் கூட்டிட்டுப் போகணும்."

"கீழ காத்து வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்லிப் படியிறங்கியவர், தெருமுனையில் நின்ற பேருந்தில் ஏறிவிட்டார். எங்கே போகிறது என்றுகூடப் பார்க்கவில்லை.

பக்கத்தில் ஓர் இளைஞன். பட்டறை உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்தான். கைபேசியைப் பார்ப்பதும் ஜன்னலைப் பார்ப்பதுமாக இருந்தான். "அம்மா, பெரிய ஆஸ்பத்திரிக்கு எங்க இறங்கணும்?" என்று கேட்டான். மனைவி வேலை செய்யும் இடத்தில் மயங்கி விழுந்துவிட்டாளாம். தலையில் ரத்தக் கசிவு, உடனே ஆபரேஷன் என்று போன் வந்ததாம். பிழைக்க வந்த ஊர், சொந்தம் என்று யாருமில்லை.

"நான் சொல்றேன், பதறாதே" என்றார் கண்டக்டரம்மா. நிறுத்தம் வந்ததும் சொன்னார். அவன் இறங்கித் தப்பான பக்கம் ஓடினான். அவரும் இறங்கிவிட்டார்.

அந்த வாசலில் விசாரித்து, இந்த ஜன்னலில் கேட்டு, மூன்றாவது தளத்தில் அறுவை அரங்குக்கு வெளியே இருந்த கூடத்தைக் கண்டுபிடித்தார்கள். இரும்பு நாற்காலிகள் வரிசையாக. எல்லாக் கண்களும் ஒரே கதவின் மேல். இளைஞன் உட்கார்ந்ததும் அவன் கால் தானாக ஆடத் தொடங்கியது.

"நீங்க போங்கம்மா. உங்களுக்கு நேரமாகும்."

"நான் எந்த வண்டியையும் பிடிக்க வேண்டியதில்ல. நீ உக்காரு. நான் டீ வாங்கிட்டு வர்றேன்."

வாங்கி வந்தார். குடிக்க வைத்தார். அவன் மனைவியைப் பற்றிக் கேட்டார், கல்யாணம் எப்படி நடந்தது, சண்டை போட்டால் யார் முதலில் பேசுவது என்றெல்லாம். அவன் அழுதுகொண்டே சொன்னான், நடுவில் ஒரு முறை சிரித்தான். சாயங்காலம் கதவு திறந்து மருத்துவர் வெளியே வந்து, "பயப்படாதீங்க, முழிச்சுடுவாங்க" என்றார். இளைஞன் கண்டக்டரம்மாவின் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டான்.

திரும்பி வரும் பேருந்தில்தான் அவருக்கு உறைத்தது. மத்தியானம் சாப்பிடவில்லை, கால் விண்விண்ணென்று தெறித்தது, ஆனால் காலையிலிருந்து ஒரு நிமிஷம்கூடத் தன்னைப் பற்றி நினைக்கவில்லை. மகள் வருவதற்குள் மையத்து வாசலில் போய் நின்றுகொண்டார். அவர் அப்போதே திரும்பி வந்து பாத்ரூமில் இருப்பதாக நடத்துகிற பெண்ணிடம் ஜட்ஜ் சொல்லிவைத்திருந்தார்.

மறுநாளும் ஆஸ்பத்திரிக்குப் போனார். அதற்கு அடுத்த நாளும். மகள் முன்வாசலில் விட்டுப் போவாள். கண்டக்டரம்மா சமையலறை வழியாகப் பின்படியில் இறங்கிவிடுவார். நடத்துகிற பெண் தேடும்போதெல்லாம் ஜட்ஜ் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, "பாத்ரூம்ல இருக்காங்க. பாவம், வயித்துக் கோளாறு" என்று தீர்ப்பு சொல்லிவிடுவார்.

அந்தக் கூடத்தில் கண்டக்டரம்மா பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. யாராவது கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால் பையைப் பார்த்துக்கொள்வார். அசந்து தூங்கியவரின் பெயரைக் கூப்பிட்டால் தட்டி எழுப்புவார். மருந்துக் கடைக்குப் போகத் தெரியாதவரோடு கூடப் போவார். காலையிலிருந்து பட்டினி கிடப்பவரைக் கண்டால் அதட்டுவார். "உள்ள இருக்கறவருக்கு டாக்டர் இருக்காரு. உனக்கு யாரு இருக்கா? நீ விழுந்துட்டா அவரை யாரு பாத்துப்பா? சாப்பிடு."

எல்லாருக்கும் நல்ல சேதி வருவதில்லை. ஒரு நாள் ஒரு பெண்ணிடம் வந்து, உங்கள் கணவர் போய்விட்டார் என்றார்கள். அவள் அழவில்லை. கணவரின் செருப்பை ஒரு பையில் வைத்திருந்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். கண்டக்டரம்மா அந்தப் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவளுடைய அண்ணனுக்கு அவரே போன் செய்து சொன்னார். அண்ணன் வந்து சேரும் வரை ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லாமல் பக்கத்திலேயே இருந்தார். அன்று வீடு திரும்பியபோது நெஞ்சு கனத்தது. ஆனால் அது சுவரைப் பார்த்துப் படுத்த நாட்களின் கனம் இல்லை.

காவலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "அம்மா, தினமும் வர்றீங்க. உங்க பேஷண்ட் யாரு?"

"எல்லாரும்தான் தம்பி."

காவலாளி மேலிடத்தில் சொல்லிவிட்டார். நிர்வாக அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். கெட்ட மனிதரில்லை, நாற்காலி கொடுத்தார். "உங்க எண்ணம் நல்லதுதான்மா. ஆனா உங்க வயசுல இங்க ஏதாவது ஆயிட்டா?"

"ஆஸ்பத்திரியிலதானே ஆகும்? வசதிதானே சார்."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "முறையா தொண்டு செய்யறதுன்னா ஒரு வழி இருக்கு. ஆனா வயசானவங்கன்னா பிள்ளைங்க சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டுத் தரணும். விதி அது."

கண்டக்டரம்மா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். "என் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல சேக்க நான் கையெழுத்துப் போட்டேன். அவளுக்குக் காய்ச்சல்னு லீவு கேக்க நான் கையெழுத்துப் போட்டேன். அப்ப அவ குழந்தை. நான் எப்ப சார் குழந்தை ஆனேன்?"

"நான் அப்படிச் சொல்லலம்மா."

"விதி சொல்லுதே. என் பேருல வர்ற ஓய்வூதியத்துக்கு என் கையெழுத்து செல்லுது. தேர்தல்ல என் ஓட்டு செல்லுது. ஒருத்தர் பக்கத்துல நான் போய் உக்காரணும்னா மட்டும் செல்லாதா?"

"கையெழுத்து இல்லாம நான் அனுமதிக்க முடியாது."

"நான் அனுமதி கேக்கவே இல்லையே. நீங்கதானே கூப்பிட்டு அனுப்பினீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் காவலாளி கதவை மறித்துக்கொண்டு நின்றார். "என் வேலை போயிடும்மா" என்றார் தரையைப் பார்த்தபடி. கண்டக்டரம்மா அவரோடு சண்டை போடவில்லை. வாசலுக்கு வெளியே, ஆம்புலன்ஸ் திரும்பும் இடத்தில், தகரக் கூரை போட்ட ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. அதில் போய் உட்கார்ந்தார். உள்ளே அழ வெட்கப்படுகிறவர்கள் அழுவதற்கு அங்கேதான் வருவார்கள் என்பது அவருக்கு அன்றைக்குத் தெரிந்தது. மழை பெய்தபோது பெஞ்சின் நனையாத மூலைக்கு நகர்ந்து உட்கார்ந்தார். ஆள் வரத்து நிற்கவில்லை.

குட்டு உடைந்தது எதிர்பாராத இடத்தில். ஒரு மாலை மகள் வந்தபோது மையத்துப் பெண் அக்கறையாக விசாரித்தாள். "அக்கா, பாட்டிக்கு வயிறு எப்படி இருக்கு? பாதி நாள் பாத்ரூம்லயே இருக்காங்களே, யாராவது ஸ்பெஷலிஸ்ட்கிட்ட காட்டுங்க."

மகள் அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப் போனாள். உள்ளே நுழைந்து கதவைச் சாத்தியதும் கொட்டித் தீர்த்தாள். "இவ்வளவு நாளா என்கிட்ட பொய் சொல்லிட்டு எங்கம்மா போயிட்டு வந்தே?"

கண்டக்டரம்மா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். பேருந்து, இளைஞன், கூடம், பெஞ்சு, கையெழுத்து.

"ஆஸ்பத்திரி வாசல்ல, மழையில, பெஞ்சுல. பைத்தியமாம்மா உனக்கு?"

"இல்ல. அதுக்குத்தான் மாத்திரை சாப்பிடறேனே."

"விளையாடாதே. அப்பா கண்ணு முன்னாடியே போயிட்டாரு. நீயும் எங்கயாவது ரோட்டுல விழுந்து, யாரோ ஒருத்தர் எனக்கு போன் பண்ணி..." மகள் சோபாவில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

மாப்பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்டார். "அத்தை, நாங்க உங்களுக்கு என்ன குறை வச்சோம்?"

"ஒரு குறையும் வைக்கல மாப்பிள்ளை. அதுதான் குறை. எல்லாத்தையும் நீங்களே செஞ்சுட்டீங்க. ஒண்ணே ஒண்ணையாவது எனக்குன்னு மிச்சம் வச்சிருக்கலாம்." மகளின் பக்கத்தில் போய் நின்றார். "இங்க பாரு. விழுவேன். என்னைக்காவது ஒரு நாள் விழத்தான் போறேன். நடந்துட்டு இருக்கும்போது விழுறேன், விடு. படுத்துக்கிட்டே போக எனக்கு இஷ்டமில்ல."

"நாளைக்கு நான் லீவு. நீ எங்கயும் போகப் போறதில்ல" என்றாள் மகள்.

காலையில் மகள் சொன்னபடியே சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் கதவில் சாய்ந்து நின்றாள். கண்டக்டரம்மா குளித்து, தலை சீவி, பையை மாட்டிக்கொண்டு வந்து அவள் எதிரில் நின்றார்.

"கதவைத் திற."

"மாட்டேன்."

கண்டக்டரம்மா கத்தவில்லை. நின்றார். மாப்பிள்ளை வேலைக்குப் போக வேண்டும், அவரும் செருப்பைப் போட்டுக்கொண்டு இருவருக்கும் நடுவில் சங்கடமாக நின்றார். வேலை செய்யும் பெண் வந்து மணியடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். வெயில் ஜன்னலில் இருந்து சோபா வரை நகர்ந்தது.

"கால் வலிக்கும்மா. போய் உக்காரு."

"வேலைக்குக் கிளம்பினவ உக்கார மாட்டா."

"அது வேலையாம்மா? யாராவது கூப்பிட்டாங்களா? சம்பளம் தர்றாங்களா?"

"என்னை எதிர்பாத்து ஒருத்தர் இருக்காங்க. நேத்து பெஞ்சுல ஒரு பொண்ணைப் பாத்தேன், அவங்க அம்மாவுக்கு இன்னைக்கு ஆபரேஷன். நான் வருவேன்னு சொல்லியிருக்கேன். உன் வயசுதான். கூட யாரும் இல்ல."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அம்மா கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார். பையின் வாரைப் பிடித்திருந்த கை மட்டும் தளரவில்லை. கதவைத் திறந்தாள். "நானும் வர்றேன்" என்றாள் கோபம் குறையாமலே.

அன்று சிமென்ட் பெஞ்சில் அம்மாவும் மகளும் உட்கார்ந்தார்கள். அங்கே ஏற்கெனவே ஜட்ஜ் இருந்தார், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு. "வயித்துக் கோளாறு எனக்கும் ஒட்டிக்கிச்சு" என்றார். மகளுக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை.

நடுப்பகலில் காவலாளி வேகமாக வெளியே வந்தார். "அம்மா, கொஞ்சம் உள்ள வாங்களேன். அந்தப் பொண்ணு உங்களைத்தான் கேக்குது. அவங்க அம்மாவுக்கு உள்ள ஏதோ சிக்கலாம். அது கதவுகிட்ட நின்னு யார் சொன்னாலும் நகர மாட்டேங்குது."

"எனக்கு அனுமதி இல்லையே தம்பி."

"நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

மகளும் பின்னாலேயே போனாள். அறுவை அரங்கின் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அந்தப் பெண் நின்றிருந்தாள். கண்டக்டரம்மா அவளை இழுக்கவில்லை. "உக்காரு" என்றும் சொல்லவில்லை. அவள் பக்கத்தில் போய், தானும் கதவில் தோளைச் சாய்த்து நின்றார். "சரி, நிப்போம்" என்றார். வெகு நேரம் அப்படியே நின்றார்கள். பிறகு அந்தப் பெண் தானாகவே திரும்பி அவர் தோளில் சாய்ந்தாள். சாயங்காலத்துக்குள் அவள் அம்மா ஆபத்தைத் தாண்டிவிட்டதாகச் சேதி வந்தது.

பேருந்தில் திரும்பும்போது மகள் சொன்னாள். "எனக்கு இன்னும் இது பிடிக்கலம்மா."

"பிடிக்க வேண்டாம். தடுக்காம இருந்தா போதும்."

"மத்தியானம் ஒரு தடவை எனக்கு போன் பண்ணணும்."

"நீ பண்ணு. நான் வேலையில இருப்பேன், முடிஞ்சா எடுக்கறேன்."

நிர்வாக அதிகாரி விதியை மாற்றவில்லை. கூடத்துப் பக்கம் வரும்போது அங்கே உட்கார்ந்திருக்கும் கண்டக்டரம்மாவைப் பார்க்காத மாதிரி போகப் பழகிக்கொண்டார், அவ்வளவுதான். ஒரு முறை அவருடைய சொந்த மைத்துனர் உள்ளே இருந்தபோது, அந்த மைத்துனரின் மனைவிக்குப் பக்கத்தில் கண்டக்டரம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அப்போதும் ஒன்றும் சொல்லாமல் போனார். பகல் மையத்திலிருந்து ஜட்ஜின் பின்னால் இன்னும் சிலர் வந்து சேர்ந்தார்கள். குழந்தைகள் பிரிவை யார் பார்ப்பது என்பதில் அவர்களுக்குள் தினமும் சண்டை நடக்கிறது. ஜட்ஜ் தீர்ப்பு சொல்கிறார், யாரும் கேட்பதில்லை.

சில காலைகளில் அந்தப் பழைய கனம் வந்து கண்டக்டரம்மாவின் மார்பின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. மாத்திரையை விழுங்கிவிட்டு, அதையும் சுமந்துகொண்டு கிளம்பிவிடுகிறார். நேற்றும் அப்படித்தான் போனார். கூடத்தில் நுழைந்ததும் ஒரு கிழவர், அவரைவிட மூத்தவர், நடுவழியில் தடுமாறி நின்றார்.

"ஏம்மா, நீங்க இங்க வேலை பாக்கறவங்களா?"

"ஆமா" என்றார் கண்டக்டரம்மா. "உங்களுக்கு யாரு உள்ள இருக்காங்க?"